மார்த்தாண்டம் தேன் குப்பியில உறைஞ்சுபோச்சு, சீனிப்பாகா?

பிப்ரவரி 9, வாசகர் கேள்வி

அண்ணாச்சி, போன சித்திரையில மார்த்தாண்டத்துல ஒரு கிலோ ரப்பர் தேன் வாங்கினேன். கார்த்திகைக்கு அப்புறம் அடியில வெள்ளையா மணல் மாதிரி படிய ஆரம்பிச்சு, இப்ப முக்கால் குப்பி கட்டி. மேல ரெண்டு விரல் உயரத்துக்குத் தண்ணியா நிக்குது. மூடியைத் திருகினா புஸ்ஸுன்னு சத்தம், லேசா புளிச்ச வாடை. நல்ல தேன் எத்தனை வருஷமானாலும் உறையாது, இது சீனிப்பாகுன்னு பக்கத்து வீட்டுக்காரர் அடிச்சுச் சொல்றாரு. தூரப் போடவா?

பிப்ரவரி 9, ராத்திரி

போடாதீங்க தம்பி. உறைஞ்சதும் புளிச்சதும் ரெண்டு வேற சங்கதி. உறையிறது ரப்பர் தேனோட சுபாவம். ரப்பர் பூக்கிற காலத்துல எடுத்த தேன் சில மாசத்துல கட்டியாகத்தான் செய்யும். புளிச்சதுதான் தப்பு, அது எடுத்தவர் தப்பு. தண்ணி வத்துறதுக்கு முந்தியே பிழிஞ்சிருக்காரு.

பிப்ரவரி 10, காலை

நேத்து அவசரத்துல "ரப்பர் பூக்கிற காலம்"னு எழுதிட்டேன். அது பிழை. ரப்பர் தேன் பூவுல இருந்து வர்றதில்ல.

மார்கழியில ரப்பர் இலை முழுக்க உதிரும். தை மாசம் செம்பு நிறத்துல கொழுந்து வரும். ஒரு காம்புல மூணு இலை இருக்கும், அந்த மூணும் சேருற முடிச்சுல சின்னச் சுரப்பி இருக்கு. கொழுந்து செம்பு நிறம் மாறி இளம்பச்சை ஆகுற நாள்ல அதுல இனிப்புத் தண்ணி ஊறும், தேனீ, நாங்க சுருக்கமா ஈன்னு சொல்றது, அதைத்தான் உறிஞ்சுது. இலை முத்தினா ஊத்து நின்னுபோகும். ஏறக்குறைய ஜனவரிக் கடைசியில தொடங்கி ஏப்ரல் முதல் வாரம் வரைதான் குமரி மாவட்டத்துல குலசேகரம், அருமனை, கடையால், திருவட்டாறு பக்கம் தேன்பெட்டிக்காரங்களுக்கு அறுவடை.

இதுல இன்னொரு வினையும் இருக்கு. பூவுல இருந்து வராததால ரப்பர் தேன்ல மகரந்தம் குறைச்சலாத்தான் கிடக்கும். மகரந்தத்தை எண்ணிப் பார்த்துட்டு "தேனே இல்ல"ன்னு சொன்னா நல்ல ரப்பர் தேனும் தோத்துப்போகும்.

பிப்ரவரி 10, மத்தியானம்

நல்ல தேன்னா எறும்பு வராது, நாய் நக்காது, தீக்குச்சியை முக்கி உரசினா பத்தும், தண்ணியில விட்டா கரையாம அடிக்குப் போகும், தாள்ல ஊறாது. இந்த அஞ்சையும் இனி யாரும் இங்க எழுத வேண்டாம். கெட்டியா காய்ச்சின சீனிப்பாகும் அடிக்குத்தான் போகும், தாள்ல ஊறாமத்தான் நிக்கும். எறும்பு நல்ல தேனுக்கும் வரும். வராதுன்னா நாங்க பெட்டிக் காலுக்குக் கீழ தண்ணிக் கிண்ணி வைக்கிறது என்ன அழகுக்கா?

பிப்ரவரி 13

ஏன் உறையுதுன்னு ரெண்டு பேர் கேட்டிருக்காங்க.

தேன்ல பெரும்பங்கு ரெண்டு சர்க்கரை: குளுக்கோஸ், பிரக்டோஸ். பிரக்டோஸ் தண்ணியில நல்லா கரைஞ்சு கிடக்கும். குளுக்கோஸுக்கு அந்தப் பொறுமை கிடையாது, இடம் கிடைச்சா மணியா பிரியும். எந்தத் தேன்ல குளுக்கோஸ் பங்கு கூடுதலோ அது சீக்கிரம் உறையும், ரப்பர் தேன் அந்த ரகம். மெழுகுத் துகளோ பழைய உறைதேன் ஒட்டின குப்பியோ இருந்தா இன்னும் வேகம், அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மணி வளரும். உறையிறதுக்குத் தோதான சூடு 14 டிகிரி பக்கம். நம்ம ஊர் வெயில்ல மெதுவாத்தான் நடக்கும், கார்த்திகை மார்கழிக் குளிர்ல வேகம் பிடிக்கும். தேனை ஃபிரிட்ஜ்ல வைக்கிறவங்க அந்தக் குளிரை வருஷம் முழுக்கக் காசு குடுத்து வாங்குறாங்க.

இனிதான் முக்கியம். குளுக்கோஸ் மணியாகும்போது கொஞ்சம் தண்ணியைத்தான் தன்னோட எடுத்துக்கும், மணியோட எடையில நூத்துக்கு ஒன்பது பங்கு போல. தேன்ல மொத்தம் நூத்துக்கு 20 பங்கு தண்ணின்னா, மணிக்குள்ள போகாத மிச்சத் தண்ணி எல்லாம் மேல நிக்கிற பாகத்துல சேரும். அது 20-ஐத் தாண்டி இளகிப்போகும். தேன்ல எப்பவும் தூங்கிக்கிட்டு இருக்கிற, புளிக்க வைக்கிற ஈஸ்டு முழிச்சுக்க அந்த இளக்கம் போதும். உங்க குப்பியில மேல ரெண்டு விரல் புளிச்சது இப்படித்தான். உறைஞ்சதனால புளிச்சதுன்னும் சொல்லலாம், ஆனா மூலக்குத்தம் தண்ணி. 18 பங்கு தண்ணி உள்ள தேன் உறைஞ்சா புளிக்கிறது அபூர்வம்.

இளக்குறதுக்கு: ஒரு பானையில தண்ணி, அடியில மடிச்ச துணி, அதுமேல மூடியைத் தளர்த்தின கண்ணாடிக் குப்பி. தண்ணி 45 டிகிரி, கை வைச்சா தாங்குற சூடு. ஒரு கிலோ இளக மூணு நாலு மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு அடுப்புல நேரா வைச்சா மணமும் நிறமும் போகும், ஹெச்எம்எஃப்னு ஒரு பொருளும் ஏறும். கிலோவுக்கு 80 மில்லிகிராம்தான் அதுக்குச் சட்ட வரம்பு. பிளாஸ்டிக் குப்பின்னா முதல்ல கண்ணாடிக்கு மாத்துங்க. உறைஞ்சதை அப்படியே கரண்டியில தோண்டி சப்பாத்தியில தேய்ச்சா இந்த வேலையே இல்ல.

பிப்ரவரி 17

கருங்கல் ஊர்ல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கு: "தண்ணி எவ்வளவுன்னு வீட்டுல எப்படிப் பார்க்க?"

எடை போடுங்க. தண்ணி 20 பங்கு உள்ள தேன் ஒரு லிட்டர் ஏறக்குறைய ஒரு கிலோ நானூறு கிராம். 25 பங்குன்னா ஒரு கிலோ முன்னூத்தெழுபது கிட்ட. லிட்டர் குப்பி நிறைய விட்டு, குப்பி எடையைக் கழிச்சுப் பாருங்க.

பிப்ரவரி 18

எடை சமாச்சாரத்துல மூணு ஓட்டை, ராத்திரி யோசிச்சப்பதான் உறைச்சுது.

லிட்டர் குப்பின்னு விக்கிறது எல்லாம் சரியா லிட்டர் பிடிக்காது. முதல்ல அதே குப்பியில கழுத்துல ஒரு கோடு போட்டு, கோடு வரை தண்ணி விட்டு எடை எடுங்க. பிறகு அதே கோடு வரை தேன். தேன் எடையைத் தண்ணி எடையால வகுத்தா 1.40 வரணும். ரெண்டாவது, பிழிஞ்ச புதுசுல நுரைக்காத்து இருக்கும், ரெண்டு நாள் நிக்க விட்டுத்தான் நிறுக்கணும். மூணாவது, பலசரக்குத் தராசு பத்து கிராம் முன்ன பின்ன காட்டினாலே கணக்கு கவிழ்ந்துபோகும்.

பெட்டிக்காரங்க ஒரு துளித் தேன்லயே தண்ணி அளவு காட்டுற கைக் கருவி, ரிஃப்ராக்டோமீட்டர், வாங்குறதே மேல். பிரிக்ஸ், அதாவது சர்க்கரைப் பங்கு, காட்டுறதை வாங்கிட்டு நூறுல கழிச்சுத் தண்ணின்னு எழுதாதீங்க, தேன்ல உள்ள தண்ணி அதைவிட ஒண்ணரைக்கு மேல குறைவு. 78.4 பிரிக்ஸ்தான் ஏறக்குறைய 20 பங்கு தண்ணி.

மறந்துடாதீங்க, கெட்டியான சீனிப்பாகும் இதே எடைதான் காட்டும். இது தண்ணிக்கான சோதனை, கலப்படத்துக்கு இல்ல.

பிப்ரவரி 26

இப்ப ஊத்து உச்சம், அதனால எடுக்கிற முறை.

நம்ம பெட்டி இந்தியத் தேனீக்கு உள்ளது, அடுக்குத் தேனீன்னு சொல்றது. கீழ ஈக்குஞ்சு வளர்ற புழு அறை, மேல அரை உயரத்துல தேன் அறை. திருச்சியில பாதிரியார் நியூட்டன் 1911-க்கும் 1917-க்கும் இடையில ஆட்களைப் பழக்கினதுல வந்த நியூட்டன் பெட்டியும், 1920-கள்ல மார்த்தாண்டம் ஒய்எம்சிஏ மையத்துல ஸ்பென்சர் ஹாட்ச் காலத்துல பரவின மார்த்தாண்டம் பெட்டியும்தான் இங்க வேர். ரெண்டும் சிறுசு, ஒரு ஆள் தூக்கலாம். மரம் அயனின்னா நல்லது. எதுவானாலும் ஈ அடை கட்டுற மரச் சட்டத்துக்கும் பக்கப் பலகைக்கும் நடுவுல 7, 8 மில்லிமீட்டர் சந்து விடணும். அதைவிட அகலமானா ஈ அங்க குறுக்க அடை கட்டும், குறைஞ்சா நடமாட முடியாது. ஆசாரி இதுல "ஒரு நூல்தானே"ன்னு சொன்னா அந்தப் பெட்டியை வாங்காதீங்க.

எடுக்கிறது விடியக்காலம். பகல்ல ஈ கொண்டுவந்து வைக்கிறது வெறும் இனிப்புத் தண்ணி. ராத்திரி பூரா சிறகடிச்சு அதைத்தான் வத்த வைக்குது. சாயங்காலம் சட்டத்தை எடுத்தா அன்னைக்கு வந்த பச்சைத் தண்ணியும் சேர்ந்து வரும். சட்டத்துல முக்கால் பங்கு அடைக்குழிக்கு மெழுகு மூடி போட்டிருக்கணும். மூடாத சட்டத்தைக் கிடையா பிடிச்சு ஒரு உதறு உதறுங்க. துளி தெறிச்சா திருப்பி வைச்சிடுங்க, அது இன்னும் ஆகல.

புகையை நாலு தடவைக்கு மேல ஊத வேண்டாம். அடிச்சுக்கிட்டே இருந்தா தேன்ல புகைக்குப் போடுற தேங்காய்ச் சகிரி வாடை ஏறும். வெந்நீர்ல முக்கித் துடைச்ச கத்தியால மூடியைச் சீவி, தேன் பிழியுற கைச்சக்கரத்துல முதல்ல மெதுவா ஒரு பக்கம், திருப்பி மறுபக்கம், பிறகு வேகம். எடுத்ததும் வேகமா சுத்தினா அடை பிய்ஞ்சு விழும். காலிச் சட்டம் பெட்டிக்கே போகணும். ஒரு அடையை முதல்ல இருந்து கட்ட ஈக்கு எவ்வளவு தேன் செலவுன்னு நினைச்சுப் பாருங்க.

புழு அறைச் சட்டத்தைச் சக்கரத்துல போடுற ஆட்களும் இருக்காங்க. புழுவும் அதோட பாலும் தேன்ல சேரும். அந்தத் தேன் வாயில வைச்சாலே தெரியும், சீக்கிரம் நுரைக்கும். வர்ற வருஷம் அந்தக் கூட்டமும் இருக்காது.

பிப்ரவரி 27

பாத்திரத்தைச் சொல்லாம விட்டுட்டேன். எவர்சில்வர், இல்லன்னா உணவுக்குன்னு உள்ள கெட்டிப் பிளாஸ்டிக் கேன். துத்தநாகம் பூசின தகர டின் கூடாது, தேன் புளிப்புள்ள பொருள், துத்தநாகத்தைக் கரைக்கும்.

மார்ச் 8

9-ம் தேதி எழுதினதுல "எடுத்தவர் தப்பு"ன்னு ஒரே போடா போட்டேன். அது பாதி நியாயம்தான்.

உச்ச ஊத்துல தேன் அறை அஞ்சாறு நாள்ல நிறையும். அறை நிறைஞ்சா ஈக்கு வேலை இல்ல. கீழ ராணி முட்டையிடுற இடத்துலயும் தேனைக் கொட்டும், ராணிக் கூடு கட்டும், கூட்டம் பிரிஞ்சு மரத்துல போய்த் தொங்கும். மூடி போடுற வரை காத்திருந்தா கூட்டம் போகும், காக்காம எடுத்தா தண்ணித் தேன். இதுக்கு நடுவுலதான் பெட்டிக்காரன் பிழைப்பு. வழி ஒண்ணுதான், பிழியாம ரெண்டாவது தேன் அறையை மேல ஏத்துறது. அதுக்குக் கட்டின அடையோட உபரிச் சட்டம் வேணும், சட்டத்துக்குக் காசு வேணும். மொத்தமா வாங்குற வியாபாரி 19 பங்கு தண்ணிக்கும் 24 பங்கு தண்ணிக்கும் ஒரே விலை போட்டா எவன் காத்திருப்பான்? அக்மார்க்ல சிறப்புத் தரம் 20 வரை, ஏ தரம் 22, சாதாரணத் தரம் 25 வரைன்னு மூணு படி உண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்துலயோ 20-தான் வரம்பு. விலையில மட்டும் படியே கிடையாது.

ஒரு பெட்டிக்கு வருஷத்துக்கு எட்டுப் பத்து கிலோன்னு கணக்கு வைச்சுக்கோங்க. இருபது கிலோன்னு சொல்றவர் பெட்டி விக்கிறவரா இருப்பார்.

மார்ச் 21

ரெண்டு நாள் கோடை மழை. காம்புல ஊறினதைக் கழுவிட்டுப் போயிட்டுது, ஈ வெளியே போய் வெறுங்கையோட திரும்புது. மழை விட்ட பிறகு நாலஞ்சு நாள் யாரும் சட்டத்தைத் தொடாதீங்க, பெட்டிக்குள்ள ஈரம்.

மழையைவிட மோசம் தை, மாசி மூடுபனி. கொழுந்துல சாம்பல் நோய் விழுந்தா இளம் இலை சுருண்டு உதிரும், சுரப்பியும் அதோட போச்சு. விளைக்காரர், அதாவது ரப்பர் தோட்டக்காரர், கந்தகத்தூள் அடிச்சா ரப்பர் பாலுக்கும் நல்லது, தேனுக்கும் நல்லது. அடிக்கிற அன்னைக்குப் பெட்டிக்காரனுக்கு ஒரு வார்த்தை சொன்னா போதும்.

ஏப்ரல் 4

மகரந்தம் எண்ணினா நிக்காதுன்னா கலப்படத்தை எதுலதான் பிடிக்கிறதுன்னு ஒருத்தர் விடாம கேக்கிறார். நியாயம்தான்.

கரும்பும் மக்காச்சோளமும் கார்பனைப் பிடிக்கிற வகை வேற, ரப்பர் மாதிரி மரங்கள் வகை வேற. அந்த வித்தியாசத்தைக் கார்பன் அணுவோட வகையைப் பார்க்கிற ஐசோடோப் சோதனை காட்டும். கரும்புச் சீனி கலந்தா மாட்டும். அரிசியில இருந்து எடுக்கிற பாகு ரப்பர் வகையிலயே சேருறதால இதுல நழுவிப் போகும். 2020 டிசம்பர்ல டெல்லி சிஎஸ்இ, அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், வெளியிட்ட ஆய்வுல பேர்பெற்ற குப்பிகள் பலதும், தேன்ல உள்ள பொருள்களை அலசிப் பார்க்கிற என்எம்ஆர் சோதனையில தோத்தது இந்த மாதிரிப் பாகாலதான்னு சொன்னாங்க. வீட்டுல செய்யுற சோதனைக்கு இதெல்லாம் எட்டாது. ஆக எந்த விளையில, எந்த மாசம் எடுத்ததுன்னு கேட்டு வாங்குறதுதான் மிச்சம்.

இன்னொண்ணு, "முருங்கைத் தேன்", "நாவல் தேன்", "வேப்பந்தேன்"னு ஒரே கடையில ஏழு சீட்டு ஒட்டி ஒரே நிறத்துல ஏழு குப்பி இருந்தா சிரிச்சுட்டு வந்துடுங்க.

மே 2

பெட்டி புதுசா வாங்குறவங்க ரெண்டு பேர் தனியா கேட்டதால.

ரெண்டு கிலோமீட்டருக்குள்ள இடம் மாத்தாதீங்க, ஈ பழைய இடத்துக்கே திரும்பிப் போய்ச் சாகும். ஒண்ணு பக்கத்துல கொஞ்சம் கொஞ்சமா நகர்த்துங்க, இல்லன்னா தூரமா கொண்டுபோங்க. இருட்டினதும் வாசலைக் கம்பிவலையால அடைச்சு, ஏத்தி, விடியுமுன்ன இறக்கணும். சட்டம் ஆடாம இறுக்கிக் கட்டணும். இந்த ஈ பிசின் சேர்க்காது, அடை சட்டத்துல லேசாத்தான் ஒட்டியிருக்கும். ஒரு பள்ளத்துல வண்டி குதிச்சா அடை விழும், அதுல ராணி நசுங்கினா பெட்டியே போச்சு.

புழுவைப் பார்க்காம வாங்காதீங்க. 1991-92-ல புழுவைக் கொல்ற தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் வந்து தென்னிந்தியா முழுக்க இந்தியத் தேனீக் கூட்டங்களைப் பெரும்பாலும் துடைச்சுப் போட்டுது, மார்த்தாண்டம் பக்கம் காலிப் பெட்டி அடுக்கிக் கிடந்த காலம் அது. இப்பவும் அங்கங்க வரும். புழு இருக்கிற அடைக்குழி மூடி நடுவுல ஓட்டை, உள்ள புழு தலையை மேல தூக்கின மாதிரி செத்து நிக்கும், குச்சியால எடுத்தா தண்ணி நிறைஞ்ச பை மாதிரி முழுசா வரும். மருந்து கிடையாது. கெட்ட அடையை எடுத்து எரிச்சு, ராணியை ரெண்டு மூணு வாரம் கூண்டுல வைச்சா முட்டை நிக்கும், நோய்க்குப் புதுப் புழு கிடைக்காது, தேறுற கூட்டம் தேறும். தேறினதுல இருந்து பிரிச்சுப் பெருக்குங்க. அந்தத் தேனைத் தின்னா மனுஷனுக்கு ஒண்ணும் வராது.

ஜூன் 15

சாரல் பிடிச்சாச்சு. ஈக்கு இது பஞ்சகாலம், புரட்டாசி வரை.

ஒரு கிலோ சீனிக்கு ஒரு லிட்டர் கொதிக்க வைச்சு ஆறின தண்ணி. சிரட்டையில விட்டு, மேல ஈ நிக்கக் குச்சி மிதக்க விட்டு, பெட்டிக்குள்ள வைக்கணும், அதுவும் சாயங்காலம். வெளியே சிந்தினா பக்கத்துப் பெட்டி ஈ கொள்ளையடிக்க வந்துடும். கருப்பட்டியோ வெல்லக் கட்டியோ கரைச்சு வைக்காதீங்க, ஈக்கு வயித்தால போகும். "இயற்கை முறை"ன்னு சொல்லிக் கூட்டத்தைக் கொன்ன ஆளுக உண்டு.

சீனி குடுக்கிறதைக் கேட்டதும் "பார்த்தியா, சீனித்தேன்"னு யாரும் குதிக்க வேண்டாம். இது ஈயோட பசிக்கு, பங்குனிக் குப்பிக்கு இல்ல. தேன் அறையை இறக்கிட்டுத்தான் சிரட்டை வைக்கணும், கொழுந்து விரியிறதுக்கு முந்தியே நிறுத்திடணும். தேன் அறை ஏறின பிறகும் சிரட்டை உள்ள இருந்தா அதுதான் திருட்டு.

மெழுகு அந்துப்பூச்சி வர்றதும் இப்பதான். ஈ மொய்க்காத அடை ஒண்ணுகூடப் பெட்டியில இருக்கக் கூடாது, அந்தப் புழு அதுலதான் நூல் கட்டிச் சுரங்கம் போடும். அடிப்பலகையை வாரம் ஒருக்கா சுரண்டித் துடைங்க. கழட்டின அடையைப் பெட்டியில அடுக்கி, மூடி, கந்தகப் புகை காட்டி வையுங்க.

ஜூன் 16

தேனை வடிகட்டுற வேலையும் மழைக்காலத்துல வேண்டாம். காத்து ஈரம் எண்பது பங்கு நிக்கிற நாள்ல திறந்த பாத்திரத்துல தேன் தானா தண்ணி குடிக்கும். அப்ப பிப்ரவரிக் கேள்விக்கு இன்னொரு பதிலும் இருக்கு. தம்பி, அந்தக் குப்பியை போன ஆடியில அடிக்கடி திறந்து வைச்சீங்களா? அப்படின்னா குத்தத்துல உங்களுக்கும் கொஞ்சம் பங்கு.

ஜூன் 29

கொசுத்தேனைப் பத்திக் கேட்டவருக்கு: கொட்டாத ஈ, மூங்கில், பானை, சுவர்ப் பொந்து எங்கயும் இருக்கும். வருஷத்துக்கு ஒரு கூட்டத்துல கால் கிலோவுல இருந்து அரைக் கிலோ கிடைச்சா பெரிசு. சட்டம் கிடையாது, சக்கரம் கிடையாது. தேன் இருக்கிற பிசின் குடுக்கைகளை மட்டும் எடுத்துக் குத்தி வெயில்ல வடிய விடணும். புளிப்பு அதுக்குச் சுபாவமாவே உண்டு, தண்ணியும் கூடுதல், 20 பங்குக் கணக்கை இதுல போடாதீங்க. விலை அதிகம்கிறதால ரப்பர் தேன்ல புளியைக் கரைச்சு விக்கிற மகான்களும் இருக்காங்க.

ஜூலை 7

குப்பி இன்னும் அலமாரியிலதான் இருக்காம், போன ஆடியில சில தடவை திறந்ததையும் தம்பி ஒத்துக்கிட்டாரு. மேல் தண்ணியைத் தனியா வடிச்சிடுங்க, அது சாராயத்துக்கு முதல்படி. ஈக்கும் வைக்காதீங்க, புளிச்ச தேன் அதுக்கும் ஆகாது. வீணாக்க மனசில்லன்னு தலையில மட்டும் தேய்ச்சுடாதீங்க, பிறகு நரைச்சதுக்கும் இந்தப் பக்கத்துலதான் கேள்வி வரும்.

அடியில உள்ள கட்டியை மோந்து பாருங்க. வாடை இல்லன்னா இரட்டைப் பாத்திரத்துல இளக்கி, தேனோட சூடே 63 டிகிரியில ஏழரை நிமிஷம் நிக்கணும், ஈஸ்டு செத்துரும். 60-ன்னா 22 நிமிஷம். பிப்ரவரியில சொன்ன 45 டிகிரி இளக்க மட்டும்தான், ஈஸ்டு அதுக்கு அசையாது. இறக்கினதும் குளிர்ந்த தண்ணியில பாத்திரத்தை இறக்கி ஆற வைங்க, துணியில வடிச்சு, ஈரமில்லாத கால் கிலோ குப்பிகள்ல கழுத்து வரை நிறைச்சு மூடுங்க. ஒவ்வொண்ணா திறங்க. அதுவும் தைக்குள்ள உறையும்.